அலாய் வீல் அடிவாங்கினால்... நிமிர்த்துவதா, மாற்றுவதா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு டயர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். தண்ணீர் தேங்கி நின்றபோது கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், அதற்குள் எத்தனையோ கார்களின் சக்கரங்களைப் பதம் பார்த்து முடித்திருக்கும். ஸ்டீயரிங் உதறுகிறது என்று ஒருவர் வருவார். மூன்று நாளைக்கு ஒருமுறை காற்றடிக்க வேண்டியிருக்கிறது என்று இன்னொருவர் வருவார். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ரிம்மை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். உள்பக்க விளிம்பு நெளிந்திருக்கும். அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்.

"சார், பெண்ட் எடுத்துடலாமா, புதுசு போடுறீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பர்ஸைப் பார்த்துத்தான் பதில் வருகிறது. சிறிய காராக இருந்தால், நெளிவெடுக்க ஒன்றிரண்டு ஆயிரம் ஆகும் இடத்தில் புது வீலுக்குப் பல ஆயிரம் ஆகும். சொகுசு காராக இருந்தால் ஒரே ஒரு வீல் அரை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால், பதில் ரிம்மில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் அடி, என்ன மாதிரி அடி என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரும்பு ரிம் காலத்தில் இவ்வளவு யோசனை இல்லை. அடிபட்டால் வளையும். சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டினால் ஓரளவு நிமிரும். பார்க்க அழகில்லாவிட்டாலும் ஓடும். அலாய் வீலின் குணம் வேறு. அது அலுமினியத்தோடு சுமார் 7 சதவிகிதம் சிலிக்கனும், கொஞ்சமே கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்த கலவை. உருக்கி அச்சில் வார்த்ததோடு வேலை முடிவதில்லை. வார்த்த வீலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் மறுபடியும் சில மணி நேரம் வைக்கிறார்கள். அந்தக் கடைசிச் சூட்டில்தான் வீலுக்கு உண்மையான வலு ஏறுகிறது.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பதம் வருகிறவரைதான் சூடு. பதம் தாண்டி முறுகிவிட்டால், அடுப்பை அணைத்தாலும் பாகு பழைய நிலைக்குத் திரும்பாது. அலாய் வீலும் அப்படித்தான். தொழிற்சாலையில் பதம் பார்த்து இறக்கிய உலோகத்தின்மேல் கேஸ் டார்ச்சைக் காட்டிச் சூடேற்றினால், அந்த இடத்தின் பதம் போய்விடுகிறது. வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் இருக்காது. இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டுவதில்லை. உருகப்போகும் சமயத்திலும் வெள்ளை வெளேரென்றே இருக்கும். எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணால் கணக்குப் போடுகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அது குத்துமதிப்புதான்.

முதலில், கவலையே வேண்டாத அடியைச் சொல்லிவிடலாம். பிளாட்பாரக் கல்லில் உரசி வீலின் முகப்பில் விழும் கீறல். கார் வைத்திருப்பவர்களின் தூக்கத்தை அதிகம் கெடுப்பது இதுதான். ஆபத்து மிகக் குறைந்ததும் இதுதான். தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் முடிந்தது. முகப்பை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய 'டைமண்ட் கட்' வீலாக இருந்தால் மட்டும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறை கடையும்போதும் கொஞ்சம் உலோகம் போகிறது. அதனால் ஒன்றிரண்டு முறைக்கு மேல் அந்த வேலைக்கு இடம் தராது. கீறலா, வெட்டா என்பதையும் பார்க்க வேண்டும். நகத்தை ஓட்டினால் ஆழமாகச் சிக்கும் வெட்டு, அதுவும் ஸ்போக்கின் குறுக்கே இருந்தால், அது பெயின்டரிடம் விடுகிற விஷயம் இல்லை.

அடுத்தது நெளிவு. பள்ளத்தில் விழும் வீல் பெரும்பாலும் உள்பக்க விளிம்பில்தான் நெளியும். வெளிப்பக்கம் ஸ்போக்குகள் தாங்கிப் பிடிக்கின்றன. உள்பக்கத்துக்கு அந்த ஆதரவு இல்லை. காரைச் சுற்றி வந்து வெளிமுகத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் முன்வீல் மேல் சந்தேகம் வர வேண்டும். உதறல் இருக்கைக்குக் கீழே தெரிந்தால் பின்வீல். பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டால் விளிம்பு ஆடுவது தெரிந்துவிடும். எவ்வளவு ஆடலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் எல்லை வைத்திருப்பார்கள். டயல் கேஜ் வைத்து அளந்து சொல்கிற கடையாக இருந்தால் அந்தக் கடையை நம்பலாம். ஈயக்கட்டிகளை வரிசையாக ஒட்டி "பேலன்ஸ் ஆயிடுச்சு" என்று அனுப்புகிற கடை, நெளிவை மறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம்.

இந்த நெளிவை எடுக்கலாமா? ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கார் கம்பெனிகள், வளைத்து நிமிர்த்திய வீலையும் வெல்டிங் வைத்த வீலையும் ஏற்பதில்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கின்றன. மேற்பூச்சைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ஊரில் நிமிர்த்திய வீல்கள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. நடைமுறையில் ஒரு கோடு போடலாம். உள்பக்க விளிம்பில், ஒரே இடத்தில், லேசான நெளிவு. விரிசல் இல்லை. இதற்கு முன்னால் அந்த வீலுக்கு நெளிவெடுத்ததும் இல்லை. இவை எல்லாம் பொருந்தினால், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிதானமாக அழுத்தி நிமிர்த்துகிற இடத்தில் கொடுக்கலாம். நிமிர்த்திய பிறகும் அந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு அளவு ஸ்டெப்னி உள்ள காராக இருந்தால், நிமிர்த்திய வீலை ஸ்டெப்னி இடத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரே வீலில் மூன்று இடத்தில் நெளிவு, அல்லது நெளிவு ஸ்போக் வரை இறங்கியிருக்கிறது, அல்லது நட் உட்காரும் துளை நீள்வட்டமாகிவிட்டது என்றால் பேச்சுக்கே இடமில்லை. மாற்ற வேண்டியதுதான். "ஏற்கெனவே ஒருதடவை எடுத்தது சார், இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்பதும் அதே கணக்கில் சேரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பது குழந்தைக்கும் தெரிந்த வித்தை.

அதையும்விட மோசமானது விரிசல்.

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். செங்கல்பட்டு தாண்டி ஒரு பள்ளம், 'டொக்' என்று ஒரு சத்தம். திண்டிவனம் வருவதற்குள் காற்று இறங்கிவிடுகிறது. கடைக்காரத் தம்பி டயரைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "சார், ரிம்முல சின்னதா கிராக். ஒண்ணும் பயமில்ல. டியூப் போட்டுத் தர்றேன், ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கோங்க."

"ஏங்க, அவர்தான் பயமில்லன்னு சொல்றாரே. முகூர்த்தத்துக்கு நேரமாகுது" என்கிறார் மனைவி. "மாப்ள, மெதுவா ஓட்டினா போதாதா?" என்கிறார் பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமனார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடைக்காரத் தம்பி உதவத்தான் நினைக்கிறார். ஆனால், 185/65 ஆர் 15 அளவு டயர் மாட்டிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 510 முறை சுற்றுகிறது. திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டர் என்று வைத்தால் 3 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காரின் பாரம் அந்த விரிசலின்மேல் ஒருமுறை ஏறி இறங்குகிறது. விரிசல் தானாகச் சேராது, நீளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 சுற்று. மெதுவாக ஓட்டினால் விநாடிக்கான சுற்று குறையும்; திருநெல்வேலி போய்ச் சேரும்போது மொத்தச் சுற்று அதே 3 லட்சம்தான்.

டியூப் போட்டதும் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்று. காற்று இறங்குவது நின்றுவிடும். அதுவரை அந்த வீல் "எனக்கு அடிபட்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் காற்றின் வழியாகத்தான். இப்போது அதன் வாயும் அடைபட்டுவிட்டது. விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே போகும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. போதாக்குறைக்கு, டியூப்லெஸ் டயருக்குள் மாட்டிய டியூப் உரசிச் சூடாகி வெடித்தால், காற்று மெள்ள இறங்காது. ஒரே நொடியில் போய்விடும். நாலுவழிச் சாலையில் முழு பாரத்தோடு போகும் காருக்கு அதுபோல ஆபத்து வேறில்லை.

அந்தக் குடும்பம் செய்ய வேண்டியது ஸ்டெப்னியை மாட்டுவது. ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருந்தால் பயணம் தொடரலாம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால் அதன்மேலேயே 80 கிலோமீட்டர் வேகம் என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது பக்கத்து ஊர் போய்ச் சேரத்தான், திருநெல்வேலிக்கு இல்லை. விழுப்புரத்தில் ஒரு இரும்பு ரிம் வாங்கி மாட்டிக்கொண்டு போகலாம். அளவும் நட்டும் பொருந்துகிற இரும்பு ரிம், விரிசல் விட்ட அலாய் வீலைவிட ஆயிரம் மடங்கு மேல். கல்யாண வீட்டில் காரின் ஒரு சக்கரம் கறுப்பாக இருந்தால் யாரும் மொய் குறைத்து எழுதப்போவதில்லை.

"ஆர்கான் வெல்டிங் வெச்சா அசலைவிட ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. வெல்டிங் வைத்த கோடு வலுவாகவே இருக்கலாம். அதன் இரண்டு பக்கமும் சூடுபட்ட பகுதிதான் பதம் இழந்து நிற்கிறது. அடுத்த விரிசல் பெரும்பாலும் அங்கே வரும். தொழிற்சாலையில் ஒரு வீல் மாடலை, வளைவில் திரும்புகிற பாரத்தைக் கொடுத்துச் சுழற்றியும், உருளும் டிரம்மில் அழுத்தி ஓட்டியும், சாய்த்து வைத்து மேலிருந்து எடையைப் போட்டு இடித்தும் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். வெல்டிங் பட்டறையில் இதில் ஒரு சோதனைகூட நடப்பதில்லை. வெல்டரின் கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீலின் பதத்தைத் திருப்பித் தரும் உலை அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காகக் காற்று இறங்குகிற ஒவ்வொரு வீலையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. காற்று இறங்குவதற்கு விரிசலைவிடச் சாதாரணமான காரணங்கள் நிறைய. ஆணி, வால்வு, வால்வுக்குள் இருக்கும் பின். கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் சேரும். உப்புக் காற்றில் ரிம்மின் விளிம்பு பொரிந்து, டயர் உட்காரும் இடம் சொரசொரப்பாகிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் பழைய அலாய் வீல் வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்து, சீலன்ட் பூசி, டயரை மறுபடி உட்கார வைத்தால் சரியாகிவிடும். நூறு ரூபாய் வால்வுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் செலவு செய்து வீல் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

எது என்று தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. டயரோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முதல் படி. உள்பக்கமும் பார்க்க வேண்டும். சேறு ஒட்டியிருந்தால் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். விரிசலா, வெறும் பெயின்ட் கோடா என்று சந்தேகம் வந்தால் 'டை பெனட்ரன்ட்' என்ற சோதனை இருக்கிறது. பெயின்ட்டை நீக்கிவிட்டுச் சிவப்புத் திரவத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து மேலே வரும். தேவைப்படுவது மூன்று ஸ்பிரே டப்பாக்கள்தான். இதை வைத்திருக்கும் வீல் கடைகள் குறைவு. வெல்டிங், வார்ப்படத் தொழில் செய்பவர்களுக்கு இது அன்றாட வேலை.

வீலைப் பார்க்கிற வேகத்தில் டயரை மறந்துவிடுவதும் நடக்கிறது. ரிம் நெளிகிற அளவுக்கு அடி விழுந்தால், நடுவில் நசுங்கியது டயர்தான். டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு மாதிரி புடைப்பு தெரிந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டும். பார்வைக்காகப் பெரிய வீல் மாட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். 185/65 டயரின் பக்கவாட்டு உயரம் 120 மில்லிமீட்டர். 215/45 டயரில் அது 97 மில்லிமீட்டர்தான். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தை கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குறைகிறது. நம் ஊர்ச் சாலைகளில் அந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம்.

சரி, மாற்றுவது என்று முடிவான பிறகு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வரும். பாலிசி இருக்கிறதே என்று உடனே கிளெய்ம் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. வீல் விலை 9,000 ரூபாய், கார் வாங்கி ஆறு வருடம் என்று வைத்தால், உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் 40 சதவிகிதம். 3,600 ரூபாய் அங்கே போகிறது. 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயமாகக் கழிக்கும் தொகை 1,000 ரூபாய். கைக்கு வருவது 4,400. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவிகித நோ கிளெய்ம் போனஸ் சேர்த்தவருக்கு, ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்றால் அடுத்த வருடமே 5,000 ரூபாய் சலுகை பறிபோகும். மறுபடி 20 சதவிகிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜீரோ டிப்ரிசியேஷன், அலாய் வீல் கவர் போன்ற கூடுதல் அம்சங்கள் இருந்தால் கணக்கு மாறும். பாலிசியில் அது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. காரை வாங்கிய பிறகு வெளியில் மாட்டிய அலாய் வீலாக இருந்தால், அதைப் பாலிசியில் தெரிவித்து பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிளெய்மில் சிக்கல் வரும்.

பழைய மாடல் காருக்குக் கம்பெனி வீல் கிடைக்காதபோது, சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்கோ, புதிதாக வேண்டுமென்றால் ஜி.பி. ரோட்டுக்கோ போவார்கள். பழைய வீல் வாங்குவது தவறில்லை, புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். முகப்பு எப்படி மின்னுகிறது என்பதில் ஒன்றுமே இல்லை. வீலின் முதுகைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் மணக்கிறதா, கிரைண்டர் தேய்த்த தடம் தெரிகிறதா, விரலை ஓட்டினால் ஒரு இடத்தில் மேடு தட்டுகிறதா? அப்படியென்றால் அங்கே வெல்டிங் ஒளிந்திருக்கலாம். டயர் மாட்டாமல் வெறும் ரிம்மாகவே மெஷினில் சுழற்றிக் காட்டச் சொல்லலாம். மறுக்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை.

அதே முதுகுப் பக்கத்தில்தான் வீலின் ஜாதகமும் பொறித்திருக்கும். விட்டம், அகலம், 'இ.டி.' என்ற எழுத்தோடு வரும் எண், ஐ.எஸ்.ஐ. அல்லது ஜே.டபிள்யூ.எல். போன்ற தர முத்திரை, தாங்கக்கூடிய அதிகபட்ச எடை. நான்கு நட் துளை பொருந்தி, போல்ட்டும் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று வாங்குகிறவர்கள் அந்த இ.டி. எண்ணைக் கவனிப்பதில்லை. அது மாறினால் வீல் உள்ளே தள்ளியோ வெளியே துருத்தியோ நிற்கும். திரும்பும்போது டயர் உரசும். முத்திரையே இல்லாத வீல் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அது எந்தச் சோதனையைத் தாண்டி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

மாட்டிய பிறகு அலைன்மென்ட் ஒருமுறை. நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்கி, 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். அலாய் வீலில் நட் உட்கார்ந்து இறுகக் கொஞ்சம் ஓட்டம் தேவைப்படும்.

கழற்றிய பழைய வீல் ஒன்று மிச்சம் இருக்குமே. அலுமினியம் என்பதால் காயலான் கடையில் நல்ல எடைக்கு, இரும்பைவிட நல்ல விலைக்கே போகும். அப்படியே முழுசாகக் கொடுத்தால், வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, யாரோ ஒருவர் அதைத் தன் குடும்பத்தோடு போகும் காருக்கு நல்ல வீல் என்று நம்பி வாங்கிவிட வாய்ப்பு உண்டு. கடையில் கிரைண்டர் இருக்கும். கொடுப்பதற்கு முன்னால் விளிம்பிலிருந்து ஸ்போக் வரை குறுக்கே ஒரு வெட்டுப் போடச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. எடை குறையாது, விலையும் குறையாது.